மாடியறைக்காரரின் பற்கள்

என் அத்தானிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, போய்த் துணி காயப்போட்டுவிட்டு வந்தால் பதில் தயாராக இருக்கும். அதுவும் ஒற்றைச் சொல்லாக இருக்கும். அக்காவைக் கட்டிக்கொண்ட இந்த இருபத்தாறு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினால் இரண்டு பக்கம் தேறாது. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா அத்தான்?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். உதட்டைப் பிரிக்காமல் சிரிப்பார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் செய்து கொடுத்த மனிதர் தன் பல்லைக் காட்டாமல் சிரிப்பது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆமாம், பல் செட் செய்வதுதான் அவர் தொழில். பல் மருத்துவர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரை ஊற்றி, ஈறின் உருவத்தை எடுத்து, மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, செட்டாக்கித் திருப்பி அனுப்புவார். பட்டறை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறை. அச்சு வருகிற பெட்டியின் மேல் ஓர் எண், வயது, ஆணா பெண்ணா, பல் என்ன நிறம். அவ்வளவுதான் அவருக்கு வரும். ஆள் வரமாட்டார். முப்பது வருடமாக முகம் தெரியாதவர்களுக்குப் பல் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அக்கா இதற்கு நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வீட்டிலும் அதை மிதித்துக்கொண்டேதான் பேசுவாள். "காலில சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா சொல்வாள். அவளை உட்கார வைக்கக்கூடிய ஒரே பொருள் நாவல். ஒரு மாணவர் போய் அடுத்தவர் வருகிற இடைவெளியில், காரிலேயே புத்தகத்தைப் பிரித்துவிடுவாள். பக்கத்தின் முனையை மடித்து வைப்பாள். நான் நூலகத்தில் வேலை பார்க்கிறவள். முனை மடிப்பவர்களை எனக்குக் கண்டால் ஆகாது, கூடப் பிறந்தவளாக இருந்தாலும்.

அந்த வருடம் அவள் கையில் இருந்தது தொள்ளாயிரத்து நாற்பது பக்க நாவல். எங்கள் நூலகத்திலிருந்து அதை எடுத்துப் போகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாம் நாளே திருப்பித் தந்துவிடுவார்கள். மீதிப் பேர் திருப்பித் தரவே மாட்டார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஒரு வீடு. மாடியறையில் ஒருவர் வந்து தங்குகிறார். யார், எங்கிருந்து வந்தார், எதுவும் தெரியாது. யார் கதவைத் தட்டினாலும் திறக்கமாட்டார். கீழே ஒரு மருத்துவர், யாருடைய கையையும் தொட்டுப் பார்க்காத மருத்துவர். அப்புறம் இரண்டு சகோதரிகள். இருவரையும் ஒரே நேரத்தில் பார்த்தவர் அந்த ஊரில் ஒருவரும் இல்லை. இருப்பது ஒருத்தியா இருவரா என்பதை எழுதியவர் சொல்லமாட்டார். கேட்டால் கோபித்துக்கொள்வார் போலிருக்கும் அவர் எழுதுகிற விதம்.

அக்கா முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இருந்தபோதுதான் அது நடந்தது. ஒரு மாணவி பின்பக்கமாக வண்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வலது கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரை ஒன்று இறங்கியது. முதலில் வண்டிக் கண்ணாடியில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று கையால் துடைத்திருக்கிறாள். திரை கண்ணில் இருந்தது.

விழித்திரை கண்ணின் பின்சுவரைவிட்டு உரிந்து வருகிறது என்றார்கள். இடது கண் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மங்கல். வாசலில் ஆள் நிற்பது தெரியும், யாரென்று தெரியாது. இத்தனை காலம் அவள் ஓட்டியது, படித்தது எல்லாமே வலது கண்ணின் தயவு. அதுவும் போனால் அவளுக்குக் காரும் இல்லை, புத்தகமும் இல்லை. மறுநாளே அறுவை சிகிச்சை செய்தார்கள். முடிந்ததும் மருத்துவர் எங்கள் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம், பேச்சு மட்டும் தலைமையாசிரியை.

"கண்ணுக்குள்ள ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கோம்மா. தண்ணியில குமிழி எப்பவும் மேலதானே போகும்? நீங்க முகத்தைக் கவுத்து வெச்சா அது பின்சுவர்ல போய் அழுத்தும். விழித்திரை ஒட்டும். பதினாலு நாள். குளியலறைக்குப் போனாலும் தாடை நெஞ்சுல இருக்கணும். நான் செஞ்சது பாதி. மீதியை உங்க கழுத்துதான் செய்யணும்."

"நான் பதினாலு நிமிஷம் சும்மா இருந்ததில்ல டாக்டர்" என்றாள் அக்கா.

"அப்படின்னா கஷ்டம்தான்" என்றார் மருத்துவர். ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது.

முதல் நாள் தலையணைகளை அடுக்கிப் பார்த்தோம். மூக்கு அமுங்கியது, மூச்சு முட்டியது. அத்தான் ஒன்றும் சொல்லாமல் பட்டறைக்குப் போய், அச்சு எடுக்கிற பிளாஸ்டர் வாளியோடு வந்தார். அக்காவின் கண்மூடிக்கு மேல் ஈரத்துணியைக் கட்டி, நெற்றிக்கும் கன்னத்துக்கும் மெதுவாக அச்சு எடுத்தார். சாயங்காலம் பஞ்சு வைத்த ஒரு முகத்தாங்கியைக் கொண்டுவந்து கட்டிலின் தலைமாட்டில் திருகினார். அவள் முகம் அதில் பொருந்தி உட்கார்ந்தது. கண்ணுக்கும் வாய்க்கும் இடம் விட்டிருந்தார். "கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷன் என் மூஞ்சியை இவ்வளவு நேரம் பார்த்ததில்லடி" என்று தாங்கிக்குள்ளிருந்து அக்கா சொன்னாள்.

ஆனால் கழுத்துக்கு வசதி செய்துவிட்டால் போதுமா? மனம் என்று ஒன்று இருக்கிறதே. இரண்டாம் நாளே அவள் நாவலைப் படித்துக் காட்டச் சொன்னாள். நான் நூலகம் விட்டு வர ஆறு மணி ஆகும். அதனால் பகலில் படிக்கிற வேலை அத்தான் தலையில் விழுந்தது. பட்டறையில் காலையில் மூன்று மணி நேரம் மட்டும் வேலை பார்த்துவிட்டு வந்து, கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவளுக்குத் தெரிவதெல்லாம் தரையும், மங்கலாக அவருடைய இரண்டு பாதங்களும். அவருக்குத் தெரிவது அவள் பின்னந்தலை.

அவர் வாழ்நாளில் ஒரு நாவல் படித்ததில்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற மாதிரி படித்தார். வரி எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துவார், வாக்கியம் நடுவில் அந்தரத்தில் தொங்கினாலும் சரி. "மருத்துவர் தன் தொப்பியைக் கழற்றி" என்று நிறுத்தி, எச்சில் விழுங்கி, "மாட்டினார்" என்பார். அக்கா சிரித்த சிரிப்பில் தாங்கி ஆடியது. சிரிக்கிறாளே, அதுவே போதும் என்று இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாம் நாள், நான் முழுநாளும் அங்கே இருந்தேன். துணி மடித்துக்கொண்டே பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அத்தான் குரல் மாறியிருந்தது. தங்கு தடை இல்லாமல் ஓடியது.

"மாடியறைக்காரர் கடைசியில் கதவைத் திறந்தார். அவருடைய மேல் முன்பற்கள் இரண்டும் உள்பக்கம் தேய்ந்திருந்தன. வருடக்கணக்காகக் கிளாரினெட்டின் வாயைக் கடித்ததால் வந்த தேய்மானம். பிறகு அந்த இரண்டும் விழுந்துவிட்டன. புதுப் பல் கட்டிப் பார்த்தார். சோறு மென்றது, வாத்தியம் நிற்கவில்லை. வாசிக்க முடியாதவன் பேசி என்ன ஆகப்போகிறது என்றுதான் அவர் கதவைச் சாத்திக்கொண்டார்."

என் கை அப்படியே நின்றது. நானும் அந்த நாவலைப் படித்தவள். மாடியறைக்காரர் கடைசிப் பக்கம்வரை கதவைத் திறக்கவே மாட்டார். அதுதான் அந்தப் புத்தகத்தின் பெருமையே. இப்போது அவருக்குப் பல்லும் வாத்தியமும் எங்கிருந்து வந்தன?

அத்தான் தண்ணீர் கொதிக்கவைக்கச் சமையலறைக்குப் போனதும் நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரி கிடையாது. புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

"அத்தான், இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவர் அடுப்பையே பார்த்தார். "இல்ல."

"இல்லன்னா?"

வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டார். "மூணாம் நாளு, அவன் யாருன்னு சொல்லாமலே அத்தியாயம் முடிஞ்சுடுச்சு. அடுத்த அத்தியாயம் வேற எங்கேயோ போகுது. இவளுக்குக் கோவம் வந்துடுச்சு. யாருன்னு சொல்லலைன்னா எழுந்துடுவேன்னா. தலையைத் தூக்கிட்டா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல சின்னவளே. பக்கத்தைத் திருப்பிட்டுப் படிக்கிற மாதிரி சொன்னேன். படுத்துட்டா."

"ஒருத்தர் பதினோரு வருஷம் உட்கார்ந்து எழுதின புத்தகம் அத்தான் இது! அவர் வேணும்னுதான் சொல்லாம விட்டிருக்காரு. நீங்க பாட்டுக்கு அதுல பல்லைச் சொருகுறீங்களே. அக்காவுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா? நம்பிக் கேட்டுக்கிட்டு இருக்கா."

"ஓட்டையைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே உள்ளதைப் படிக்கிறேன்" என்றார்.

எனக்கு ஏதோ பெரிய நியாயத்தை நிலைநாட்டிவிட்ட திருப்தி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான் என்பது இரண்டு நாளில் தெரிந்தது.

திங்கட்கிழமை சொன்ன சொல் தவறாமல் உள்ளதை உள்ளபடி படித்தார். ரயில் அறிவிப்பு திரும்பி வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று ஒருமுறை கேட்டாள். செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்திருந்தேன். மதியம், சகோதரிகள் ஜன்னலோரம் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்க்கிற அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. அது நாற்பது பக்கம். அதில் ஒன்றும் நடக்காது. இலக்கியம் தெரிந்தவர்கள் கொண்டாடுகிற அத்தியாயம் அது, நானும் கொண்டாடியிருக்கிறேன்.

"என்ன கருமம்டி இது!" என்று கத்திக்கொண்டு அக்கா தாங்கியிலிருந்து முகத்தை எடுத்தாள். "நாப்பது பக்கமா ரெண்டு பேரும் உட்கார்ந்தே இருக்காளுங்க. நான் எப்ப உட்கார்றது?"

உட்கார்ந்தும் விட்டாள். கட்டிலின் ஓரத்தில் நிமிர்ந்து, முதுகு நேராக, காரில் உட்காருகிற மாதிரி. நான் கெஞ்சினேன். அத்தான் புத்தகத்தை முக்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "கழுத்து என்னுது. கண்ணு என்னுது. ஒரு டீயை மனுஷ ஜென்மமா உட்கார்ந்து குடிச்சுட்டுப் படுக்கிறேன்" என்றாள். உறிஞ்சுகுழல் இல்லாமல் டீ குடித்தாள். முழுதாகக் குடித்துவிட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினாள். பிறகு அழுதுகொண்டே தானாகவே குப்புறப் படுத்தாள்.

மறுநாள் மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். "கீழ் ஓரத்துல லேசா தூக்கியிருக்கு" என்றார். "இன்னும் ஆறு நாள் இருக்கு. குனிஞ்சபடியே இருந்தா மறுபடி ஒட்டலாம். இன்னொரு தடவை நிமிர்ந்தீங்கன்னா நான் எதுவும் சொல்ல முடியாது." திரும்பி வரும்போது வண்டியின் பின்னிருக்கையில் அக்கா என் மடியில் முகம் புதைத்துப் படுத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது. ஒரு புத்தகத்தின் கற்பைக் காப்பாற்றப் போய் என் அக்காவின் கண்ணை வைத்துச் சூதாடியிருக்கிறேன்.

அக்கா தூங்கியதும், எதிர்வீட்டுத் தையல்காரம்மாவைக் காவல் வைத்துவிட்டு நான் பட்டறைக்குப் போனேன். அத்தான் ஓர் அச்சைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், நான் ஒரு முட்டாள். நீங்க உங்க இஷ்டப்படியே படிங்க. யாருக்கு வேணும்னாலும் பல்லைக் கட்டுங்க."

அவர் அச்சைக் கீழே வைத்தார். "இப்ப வரல சின்னவளே. நேத்தே முயற்சி பண்ணினேன். தப்புப் பண்றோமேன்னு நாக்கு ஒட்டிக்குது."

ஏதாவது பேசவேண்டுமே என்று, "இது யாரு?" என்று அந்த அச்சைக் காட்டிக் கேட்டேன்.

"தெரியாது. இருநூத்திப் பதினேழு. பெண். அறுபத்திரெண்டு வயசு." அச்சை மறுபடி கையில் எடுத்தார். "இடதுபக்கமே மென்னு தின்னிருக்காங்க. வலதுபக்கம் ஈறு தேயவே இல்ல பாரு. ஒரு பக்கம் வலிச்சா பல்லைப் பிடுங்குவாங்க. இவங்க பிடுங்கல. வலியை வெச்சுக்கிட்டே முப்பது வருஷம் இந்தப் பக்கமா தின்னிருக்காங்க. வீட்டுல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எல்லாருக்கும் பரிமாறிட்டுத் தனியா சாப்பிடுறவங்க. இப்ப யாரோ புதுசா வீட்டுக்கு வந்து கண்டுபிடிச்சிருக்காங்க, மருமகளோ யாரோ. அதான் டாக்டர்கிட்ட வந்திருக்காங்க."

"எல்லாத்துக்கும் இப்படிச் சொல்வீங்களா?"

"சொல்றதில்ல. நெனச்சுக்குவேன். ஆள் யாருன்னு தெரியாம எப்படிப் பல்லை நட்றது?" என்றார். அலமாரியைக் காட்டினார். வெள்ளை வெள்ளையாக நூற்றுக்கணக்கான தாடைகள். "அந்தக் கிளாரினெட்காரர்கூட இங்கதான் இருந்தாரு. எட்டு வருஷம் ஆச்சு. நெசமாவே வாசிச்சாரான்னு எனக்குத் தெரியாது."

முப்பது வருடம். ஒரு நூலகம் அளவுக்குக் கதைகளை இந்த மனிதர் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். நானோ முத்து உதிர்ந்துவிடுமா என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன். "இந்தப் பரிமாறுற அம்மாவை இன்னிக்கு அந்தத் துறைமுக வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க அத்தான்" என்றேன். "எனக்காக."

அன்று மாலை அவர் முக்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். இரண்டு பக்கம் தட்டுத் தடுமாறிப் படித்தார். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பினார். "அந்த வீட்டில் இதுவரை யாரும் கவனிக்காத ஒரு பெண் இருந்தாள்" என்று தொடங்கினார். குரல் ஓடத் தொடங்கியது. அக்காவின் தோள்கள் தளர்ந்து இறங்கின.

அதற்குப் பிறகு ஆறு நாள் அவள் தலை அசையவில்லை. குளியலறைக்குப் போகும்போதுகூட "நிறுத்தி வைங்க, வந்துடறேன்" என்று தாடை நெஞ்சில் பட ஓடுவாள். நாவலில் யார் கையையும் தொடாத அந்த மருத்துவருக்கு நகம் கடிக்கிற வழக்கம் இருந்தது, முன்பல் காட்டிக் கொடுத்தது. சகோதரிகள் இருவர்தான் என்று அத்தான் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஒருத்திக்கு ஞானப்பல் முளைத்திருந்தது, மற்றவளுக்கு முளைக்கவில்லை. எழுதியவர் கேட்டால் நெஞ்சில் அடித்துக்கொள்வார். எனக்கும் அவ்வப்போது பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பதினான்காம் நாள் மருத்துவர் கண்மூடியை எடுத்து விளக்கைப் போட்டுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தான் சுவரோடு ஒட்டி நின்றார். அவர் சட்டைப் பொத்தானை விரல்கள் திருகிக்கொண்டே இருந்தன.

"ஒட்டிடுச்சு" என்றார் மருத்துவர். "ஓரம் உட்பட. குமிழி கரையக் கரைய மேலேயிருந்து தெளிஞ்சுக்கிட்டே வரும். படிக்க ரெண்டு மூணு மாசம் ஆகும். வண்டியைப் பத்தி ஆறு மாசம் கழிச்சுப் பேசலாம். இப்ப நிமிரலாம்மா."

அக்கா நிமிர்ந்தாள். மருத்துவர் விரல்களைக் காட்டினார். "ரெண்டு... இல்ல, மூணு" என்றாள். மூன்றுதான். நான் அழுதேன். அந்த மருத்துவரைப் பிடித்துப்போன ஒரே கணம் அதுதான்.

வீட்டுக்கு வந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்தோம். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அக்கா, அந்தப் புத்தகத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"கிளாரினெட் இல்ல. தெரியும்" என்றாள். "இவர் புத்தகத்தைப் பார்த்துப் படிச்சா திக்குவாரு. தானா சொன்னா ஆறு மாதிரி ஓடுது. மூணாம் நாளே தெரியும்டி. யாரு கேட்டா அந்தத் துறைமுகத்தை? இருபத்தாறு வருஷத்துல இவர் என்கூடப் பேசினது இந்தப் பதினாலு நாள்தான். நடுவுல ரெண்டு நாள் நின்னு போச்சு. அன்னிக்குத்தான் எழுந்து உட்கார்ந்தேன்."

அத்தான் காது மடல்வரை சிவந்துபோனார். புத்தகத்தை எடுத்து, எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மடித்த முனையைத் தேடிப் பிரித்தார். அக்கா கையை நீட்டிப் புத்தகத்தை மூடினாள்.

"அந்தப் பரிமாறுற அம்மா கடைசியா வாசல்ல நின்னாங்களே. அப்புறம்?"

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா இரண்டு கண்ணையும் அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயை மூடினார். மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பாதங்களைப் பார்த்தார்.

"நீ இப்படிப் பார்த்தா வராது" என்றார் கடைசியில். "கொஞ்சம் குனிஞ்சுக்கிறியா?"

ஒரு கோப்பை டீக்காகக் கண்ணையே இழக்கத் துணிந்தவள், நிமிர்ந்து அரை நாள்கூட ஆகாதவள், ஒரு சொல் எதிர்ப்பேச்சு பேசவில்லை. முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, தாடை நெஞ்சில் பட முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அத்தான் தொண்டையைச் செருமிவிட்டுச் சொல்லத் தொடங்கினார்.